செக்ரோலில் ஏறாத பிள்ளைகள்: மலையகத் தோட்டங்களில் குழந்தை மருத்துவத்தின் வரலாறு

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் குழந்தைகளுக்கான மருத்துவம் தொழிற்சட்டத்தின் ஓர் ஓரத்தில்தான் பிறந்தது. கிராமத்துப் பிள்ளைக்கு அரசாங்க ஆசுபத்திரி வைத்தியம் பார்த்த காலத்தில், தோட்டத்துப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பு தோட்டத்தை நடத்திய துரையிடம் இருந்தது. வேலைக்குப் பேர் பதியும் செக்ரோலில் ஆண், பெண் இருபாலார் பெயரும் இருக்கும். ஓரளவு வளர்ந்த பிள்ளைகளும் இருப்பார்கள். கைக்குழந்தைக்கு அந்த ஏட்டில் இடமில்லை. தாயின் உழைப்பை ஒட்டியே அதற்குப் பாலும் மருந்தும் வந்தன. இன்று நுவரெலியா, ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகளின் எடை, உயரம், வலிப்பு, வளர்ச்சிக் குறைவு பற்றிப் பேசும்போது இந்த ஏற்பாட்டின் நிழல் இன்னும் தெரிகிறது.

1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1830களுக்குப் பின் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஆரம்பத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டின் வழியாக மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேற வேண்டும். அந்தப் பாதையில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் மாண்டவர்களின் தொகையைப் பற்றி அன்றைய பத்திரிகைகளே சண்டை போட்டன. வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒரு முடிவுக்கு வரவில்லை. தொகை எதுவானாலும், கண்டிச் சீமைக்குப் போவதென்றால் திரும்பி வராமலும் போகலாம் என்பது சோழமண்டலத்துக் கிராமங்களில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

தேயிலை வந்ததும் நிலைமை மாறியது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பியை ஒழித்துக்கட்டியது. ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் ரயில் வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. கொழுந்து வருஷம் முழுவதும் துளிர்த்துக்கொண்டே இருக்கும். அதை வாரக்கணக்கில் சுற்றிச் சுற்றி எடுக்கப் பெண்களின் கை வேண்டும். ஆக, குடும்பம் குடும்பமாக லயங்கள் என்ற வரிசைக் குடியிருப்புகளில் தங்குவது வழக்கமாயிற்று. பிரசவங்களும் அங்கேயே நடந்தன. கோப்பிக் காலத்தில் தோட்டத்து மருத்துவம் என்றால் வேலையாளின் காய்ச்சலும் காலில் வந்த புண்ணும்தான். தேயிலைக் காலத்தில் தாயும் சிசுவும் அதோடு சேர்ந்துகொண்டார்கள்.

மருத்துவ அறிவு அப்போது தீவில் இல்லாமலில்லை, தமிழிலேயே இருந்தது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மேலை வைத்தியம் கற்பித்து வந்தார். மகப்பேறு பற்றிய ஆங்கில நூலொன்றைத் தமிழாக்கி 1857இல் 'பிரசவ வைத்தியம்' என்று வெளியிட்டார். 1870இல் கொழும்பு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. கம்பளை அரசாங்க ஆசுபத்திரியில் இருந்த வான் டோர்ட் என்ற வைத்தியர், 1860களின் கடைசியில் தோட்டத்து நோயாளிகளின் நிலையை எழுதிவைத்தார். ஆனால் யாழ்ப்பாணத்தில் அச்சான பிரசவ நூல் டிக்கோயா லயத்துக்கு வந்து சேரவில்லை. அங்கே பிள்ளை எடுத்தவர்கள் பாட்டியும் பக்கத்துக் காம்பிராக்காரியும்.

சட்டம் 1872இல் தலையிட்டது. அந்த ஆண்டின் 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளை முதன்முறையாக ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. தோட்டக்காரர்கள் கூடிப் பொறுப்பேற்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட சட்டம் அது, நம்பிக்கை பலிக்கவில்லை. 1880இல் 17ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது அரசாங்கமே வைத்தியர்களை நியமித்து, மலைநாட்டை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்து வேலையைக் கையிலெடுத்தது. செலவின் ஒரு பகுதி தோட்டங்களிடமிருந்து வசூலானது. டிக்கோயா, லிந்துலை, மஸ்கெலியா போன்ற இடங்களில் இன்றுள்ள அரசாங்க ஆசுபத்திரிகளின் பரம்பரை இந்த ஏற்பாட்டில்தான் போய் முடிகிறது.

1912இல் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும், அதன் கூடவே தொழிலாளர் நோய்கள் பற்றிய 10ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. துரையின் கடமைகள் அதில் ஒவ்வொன்றாக எழுதப்பட்டன. லயங்களைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். யாருக்கு என்ன நோய் என்று அறிந்திருக்க வேண்டும். கடுமையான நோயென்றால் மாவட்ட வைத்தியருக்கு ஆளனுப்ப வேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முப்பது நாள் உணவும் தங்குமிடமும் கொடுக்க வேண்டும். அதற்குள் அவளை வேலைக்கு அழைக்கக்கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தக்க பராமரிப்பும் போஷாக்கும் கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும். அந்தக் கடைசி வரி அதன் காலத்துக்கு முற்போக்கானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தக்க பராமரிப்பு எது என்பதைத் தீர்மானித்தவர் செலவைக் குறைக்க வேண்டிய அதே துரை. ஆசுபத்திரிக்கு ஆளை அனுப்பினால் கட்டணம் தோட்டத்துக் கணக்கில் விழும். அதனால் சாகக் கிடக்கும்போதுதான் அனுப்புகிறார்கள் என்ற குறை அரசாங்க வைத்தியர்களிடமிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்தது.

நடைமுறையில் இந்தச் சட்டத்தின் முகமாக இருந்தவர் தோட்டத்து டிஸ்பென்சர். பட்டம் பெற்ற வைத்தியர் பல தோட்டங்களுக்கு ஒருவர். அவரும் குதிரையிலோ பின்னாளில் மோட்டார் சைக்கிளிலோ வந்துபோகிறவர். டிஸ்பென்சர் தோட்டத்திலேயே இருப்பார். அப்போதிக்கரி, டொக்டர் ஐயா என்று அவரை அழைப்பார்கள். அவருடைய அறையில் மேசையொன்றும் அலுமாரியொன்றும் இருக்கும். சிவப்பு, மஞ்சள் கலவைகள் பெரிய போத்தல்களில் நிற்கும். மருந்து வாங்க வருகிறவர்கள் சொந்தப் போத்தலைக் கழுவிக் கொண்டுவர வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்குப் பிறகு வரிசை நிற்கும். வேலைக்குப் போகாதவர் உண்மையில் நோயாளியா, சாக்குச் சொல்கிறாரா என்று பார்த்துச் சொல்வதும் அவர் வேலைதான். ஒரே மனிதர் வைத்தியராகவும் வேலைக்களத்தின் கண்காணிப்பாளராகவும் இருந்ததால், பிள்ளைக்கு வருத்தம் என்று தாய் வந்து நிற்கும்போது முதல் கேள்வி பிள்ளையைப் பற்றியதாக இராது. அன்றைய பேரை, அதாவது நாள் வேலைப் பதிவைப் பற்றியதாக இருக்கும்.

லயத்துக் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு குடும்பம், சில இடங்களில் இரண்டு, அதற்குள் அடங்கும். அடுப்பு உள்ளேயே, புகை போக வழியில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது; பனிக்காலத்து இரவில் கதவைத் திறக்க முடியாது. நெஞ்சுச் சளியும் நிமோனியாவும் சிசுக்களை அதிகமாகக் கொண்டுபோனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அதைவிடப் பயங்கரமானது பிறந்த முதல் வாரத்தில் வரும் ஜன்னி, அதாவது ஏற்புவலி. தொப்புள்கொடியை வீட்டுக் கத்தியால் அறுத்து, அதன்மேல் சாம்பலோ சாணமோ வைக்கும் வழக்கம் இருந்தவரை, மண்ணில் வாழும் கிருமியொன்று காயத்தின் வழியே உள்ளே போய் நஞ்சைச் சுரந்துகொண்டிருந்தது. அந்த நஞ்சு முள்ளந்தண்டு நரம்புகளைப் பிடிக்கும்; குழந்தையின் தாடை இறுகும்; முலை பிடிக்க முடியாது; தொட்டால்கூட உடல் வில்லாக வளையும். பார்த்தவர்களுக்கு அது பேய் பிடித்தது போலத்தான் தெரிந்திருக்கும். கோடாங்கி அழைக்கப்பட்டார், தாயத்துக் கட்டப்பட்டது. மாந்தத்துக்கு வசம்பு சுட்டு உரைத்துக் கொடுப்பது, கண்ணேறு கழிப்பது, மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வது ஆகியவற்றை மக்கள் ஊரிலிருந்து தோளில் சுமந்து வந்திருந்தார்கள். டிஸ்பென்சரியிலும் இந்த ஜன்னிக்கு மருந்து இல்லாதபோது, அவர்கள் கோடாங்கியிடம் போனதில் குறை சொல்ல ஏதுமில்லை. சுத்தமான கத்தியும் பயிற்சி பெற்ற மருத்துவிச்சியும் கர்ப்பிணிக்கான தடுப்பூசியும் வந்த பிறகே இந்நோய் ஒழிந்தது. கர்ப்பிணித் தடுப்பூசி இலங்கையில் 1960களின் இறுதியில்தான் வழக்கத்துக்கு வந்தது.

தோட்ட மருத்துவ வரலாற்றில் மிக விரிவாக எழுதப்பட்ட அத்தியாயம் கொக்கிப்புழு. அமெரிக்காவின் றொக்கபெல்லர் அறக்கட்டளை தன் உலகளாவிய ஒழிப்பு இயக்கத்தை 1916இல் இலங்கைக்குக் கொண்டுவந்தது. களமாகத் தேர்ந்தது மாத்தளைப் பகுதித் தோட்டங்களை. காரணம் எளிது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில், ஒரே நிர்வாகத்தின் கீழ், பெயர்ப் பதிவோடு இருந்தார்கள். மலம் பரிசோதிக்கவும் மருந்து விழுங்கவைக்கவும் இதைவிடத் தோதான மக்கள் கூட்டம் கிடைக்காது. பரிசோதித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது.

புழு உடம்புக்குள் புகும் வழி லயத்தின் பின்புறத்திலேயே இருந்தது. கக்கூஸ் இல்லாத இடங்களில் தேயிலைச் செடிகளுக்கிடையே மலம் கழிப்பார்கள். மழை ஓயாத, நிழலான, ஈரமண். முட்டை பொரித்துக் குஞ்சுப்புழு மண்ணில் காத்திருக்கும். வெறுங்காலோடு கொழுந்தெடுக்கப் போகும் பெண்ணின் விரலிடுக்கில் நுழையும். இரத்தக் குழாய் வழியாக நுரையீரலுக்கு ஏறி, தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, குடலில் கடித்துத் தொங்கும். நூற்றுக்கணக்கான புழுக்கள் நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தம் குடித்தால் உடல் வெளுக்கும், மூச்சிரைக்கும், கை ஓயும். துரைமார் பல காலம் சோம்பேறித்தனம் என்று திட்டியதில் ஒரு பங்கு இந்தச் சோகைதான்.

மருந்தும் லேசானதல்ல. தைமோல், பிறகு கீனோப்போடியம் எண்ணெய். முன்னும் பின்னும் பேதிக்குக் கொடுத்துப் பட்டினி போட வேண்டும். அளவு தவறினால் மயக்கமும் மரணமும் வரும். மருந்து விழுங்கிய நாளில் வேலைக்குப் போக முடியாது. அந்தப் பேர் யார் கணக்கில் என்ற தகராறு உடனே கிளம்பியது. இயக்கத்தார் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்: கக்கூஸ் கட்டாமல் மருந்து மட்டும் கொடுத்தால் சில மாதத்தில் புழு திரும்பும். தோட்டக்காரர்களில் பலர் மருந்துக்குச் சம்மதித்தார்கள், கக்கூஸுக்குத் தயங்கினார்கள். மருந்து ஒரு தடவைச் செலவு. கக்கூஸ் என்றால் கட்டவும் வேண்டும், கூட்டவும் வேண்டும். புழு திரும்பியதும் அதனால்தான்.

கொக்கிப்புழு இயக்கம் பெரும்பாலும் வேலையாளின் திறனைக் கூட்டும் கணக்கோடு நடந்தது. அதன் பலன் பிள்ளைகளுக்கும் சேர்ந்தது என்றாலும், பிள்ளைக்கு இந்நோய் செய்யும் கேடு வேறு வகையானது. சோகை பிடித்த தாய்க்குப் பிறக்கும் குழந்தை எடை குறைந்து பிறக்கக்கூடும். பிறகு அதே மண்ணில் தவழும்போது அதற்கும் புழு ஏறும். மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு வயதில் இரும்புச்சத்துக் குறைந்தால் கவனமும் கற்கும் திறனும் பாதிக்கப்படும். பிற்பாடு இரும்பு கொடுத்தாலும் இழந்ததெல்லாம் திரும்புவதில்லை. இந்த விளக்கம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் மருத்துவத்துக்குத் தெளிவாயிற்று.

கப்பலேறும் முன்னரே தடுப்பு என்ற ஏற்பாடும் இக்காலத்தில் உறுதிப்பட்டது. தூத்துக்குடி வழிக்குத் தட்டப்பாறையிலும், 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் ரயில்-கப்பல் பாதை திறந்தபின் மண்டபத்திலும் முகாம்கள் இருந்தன. இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய மண்டபம் முகாமில் ஆட்களை நாட்கணக்கில் நிறுத்திவைத்து, அம்மை குத்தி, உடைகளைப் புகையூட்டி அனுப்புவார்கள். பின்னாளில் கொக்கிப்புழு மருந்தும் அங்கேயே கொடுக்கப்பட்டது. வாந்திபேதியும் அம்மையும் தோட்டங்களுக்குள் வருவது வெகுவாகக் குறைந்தது. மண்டபத்துக் கொட்டகையில் அழுத பிள்ளைகளைப் பற்றி வயோதிபர்கள் பின்னர் சொன்ன கதைகள் வேறு. ஆனால் நோய்த்தடுப்பு என்ற அளவில் முகாம் தன் வேலையைச் செய்தது.

1923இல் இந்திய அரசாங்கத்தின் ஏஜென்ட் ஒருவர் கண்டியில் அமர்ந்தார். அவருடைய வருடாந்த அறிக்கைகளில் தோட்டங்களின் பிறப்பு, இறப்பு, சிசு மரணம் ஆகியவை தனித் தலைப்பில் அச்சாயின. யாரோ வெளியாள் கணக்குக் கேட்கிறார் என்பதே நிர்வாகத்துக்கு ஒரு நெருக்குதல். 1927இன் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. 1929 தொடக்கத்திலிருந்து மலைநாட்டுத் தோட்டத்தில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் நாட்கூலி என்று நிர்ணயமானது. அதே காலத்தில் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யர் சட்டசபையிலும், மீனாட்சி அம்மையார் பாட்டாலும் பேச்சாலும் தோட்டங்களிலும் தொழிலாளர் நிலையைப் பொதுவில் பேசவைத்தார்கள்.

பெரிய திருப்பம் 1939. அந்த ஆண்டு ஆகஸ்டில், பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் போவதை இந்தியா தடைசெய்தது. அதுவரை ஆள் குறைந்தால் ஆள் திரட்டும் கங்காணியை ஊருக்கு அனுப்பினால் போதும். இனி அந்த வாசல் மூடியது. அடுத்த தலைமுறைக் கொழுந்துக் கைகள் லயத்திலேயே பிறந்து, பிழைத்து, வளர வேண்டும். அதே ஆண்டில் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் நிறைவேறியது. இரண்டும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயலாக இருக்கலாம்; தோட்டங்கள் பிரசவ அறைகளிலும் மருத்துவிச்சிகளிலும் பிள்ளைக் காம்பிராக்களிலும் காட்டிய அக்கறை அதற்குப் பிறகு கூடியது தற்செயலன்று.

பிள்ளைக் காம்பிரா தோட்டத்துக்கே உரிய அமைப்பு. சில இடங்களில் பிள்ளை மடுவம் என்பார்கள். காலையில் தப்படித்ததும் தாய் எழும்பி, ரொட்டி சுட்டு, தேத்தண்ணி ஊற்றி, குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு இருட்டோடு வந்து விடுவாள். நீளமான ஓர் அறை, தகரக் கூரை, சீமெந்துத் தரை. குறுக்கே போட்ட மரத்தில் வரிசையாகச் சீலைத் தொட்டில்கள். கொழுந்தெடுக்க முடியாத வயதில் உள்ள ஓர் ஆயா, ஒரு கையால் ஒரு தொட்டிலையும் காலில் கட்டிய கயிற்றால் இன்னொன்றையும் ஆட்டிக்கொண்டிருப்பார். தவழ்கிற பிள்ளைகள் தரையில். நடக்கிற பிள்ளைகளை வாசலில் பலகை போட்டு மறித்திருப்பார்கள். காலைக் கொழுந்து நிறுத்தும் வேளையில் தாய்மார் கூடையை இறக்கிவிட்டு ஓடிவந்து பால் கொடுப்பார்கள், பகலில் மறுபடி. எட்டிய மலையில் வேலை விழுந்த நாளில் அந்த ஓட்டம் முடியாது. மார்பு கட்டி, ரவிக்கை நனைந்து, அங்கே கொழுந்து; இங்கே பிள்ளைக்குப் பிளேன்டீ. மத்தியானம் கஞ்சியோ சோறோ தோட்டம் கொடுக்கும். இந்த அமைப்பால் பிள்ளைகள் நெருப்பிலும் கிணற்றிலும் விழாமல் தப்பினார்கள் என்பது உண்மை. ஒரு பிள்ளையின் சளியும் கழிச்சலும் ஒரே நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச்சேர்ந்ததும் அங்கேதான். ஆயாவுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. பிள்ளை தலை நிற்கிறதா, குரலுக்குத் திரும்புகிறதா, எத்தனை மாதத்தில் உட்கார்கிறது என்று குறித்துவைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

சுதந்திரம் மலையகத்துக்கு எதிர்மாறாக வந்தது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவிடச் சட்டமும் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கின. 1951இலிருந்து அரசாங்க ஆசுபத்திரியில் வைத்தியம் இலவசம். நாடெங்கும் சுகாதாரப் பிரிவுகள், மருத்துவ மாதுக்கள், சிகிச்சை நிலையங்கள் விரிந்தன. தோட்டம் மட்டும் தனியார் நிலம், தனிச் சட்டம், தனி டிஸ்பென்சரி என்று வேலிக்குள் நின்றது. வாக்கு இல்லாதவர்களுக்காக வேலியைப் பிரிக்க எந்த அரசியல்வாதிக்கும் அவசரமில்லை. பிறப்புப் பதிவும் தோட்ட நிர்வாகத்தின் வழியாகவே போயிற்று. பதியாமல் விட்டுப்போன பிள்ளை, பிறகு பிரஜாவுரிமைக்கு மனுப்போடும்போது தான் இங்கே பிறந்ததை நிரூபிக்க அலைந்தது. 1964 ஒக்டோபரின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேர் 1974இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். எந்த நேரமும் புறப்படக்கூடும் என்றிருந்த குடும்பங்களுக்காகப் புதிய லயமோ பிரசவ அறையோ கட்ட நிர்வாகங்கள் முன்வரவில்லை.

இதன் விலை 1973–74 உணவு நெருக்கடியில் தெரிந்தது. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. அரிசிப் பங்கீடு வெட்டப்பட்டது. கோதுமை மாவுக்கும் தட்டுப்பாடு. கிராமத்தானுக்கு வீட்டுக் கொல்லை மரவள்ளியும் பலாவும் கைகொடுத்தன. தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது, கூலியும் மாவும்தான். ஹட்டன், நாவலப்பிட்டித் தெருக்களில் பிச்சையெடுத்த தோட்டக் குடும்பங்களை அக்காலத்தவர் மறக்கவில்லை. 1974இல் தீவின் சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு 51. தோட்டங்களில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். சர்வதேசச் சிறுவர் நரம்பியல் சங்கம் உருவானதும் இந்த நெருக்கடிக் காலத்தில்தான், 1973இல். அதன் முதல் மாநாடு 1975இல் டொரண்டோவில் கூடியது. வளரும் மூளையைத் தனித் துறையாக ஆராய உலக வைத்தியர்கள் கூடிய அந்த ஆண்டுகளில், அந்த மூளைக்கு வேண்டிய மாவும் எண்ணெயும் மலையகத்துக் கடைகளில் இல்லை. போஷாக்கின்மை மூளை வளர்ச்சியை எப்படிக் குறைக்கிறது என்பது அத்துறையின் தொடக்ககாலக் கேள்விகளில் ஒன்று என்பதால் இந்த ஒப்பீடு வலிந்து செய்ததல்ல. நாட்டளவில் திரிபோஷா சத்துமா விநியோகம் 1973இல் தொடங்கியது. வேலிக்குள் அது முறையாக வந்து சேரக் காலமெடுத்தது.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. தேசியமயம் சில இடங்களில் வன்செயலையும் வெளியேற்றத்தையும் கொண்டுவந்தது. மருத்துவத்தைப் பொறுத்தவரை நன்மையும் இருந்தது. தோட்டம் அரசுக்குச் சொந்தமான பிறகு, அங்குள்ள பிள்ளை எங்கள் பொறுப்பல்ல என்று சுகாதார அமைச்சு சொல்ல முடியவில்லை. 1978இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் லயங்களுக்கும் வந்தது. 1962இல் இளம்பிள்ளை வாதம் தீவை உலுக்கியபின் சொட்டு மருந்து பரவியது. இலங்கையின் கடைசி நோயாளி 1993இல் பதிவானார். 1990களின் நடுவில் உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயமானது. தைரொயிட் குறையால் வரும் மூளை வளர்ச்சிக் குறைபாட்டுக்கு அது மலிவான காவல். நரம்பைத் தாக்கும் சில நோய்களிலிருந்து மலையகத்தைக் காத்தது அதன் உயரமும் குளிருமே. 1934–35 மலேரியா கொள்ளைநோய் தீவில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றபோது உயர்ந்த தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின; வயலும் பன்றியும் நுளம்பும் சேரும் தாழ்நிலங்களில் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் இங்கே அரிது.

1992இல் தோட்ட நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகளிடம் போயிற்று. வீடு, நலன் ஆகியவற்றுக்கென ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. பின்னர் அதன் பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்றானது. பிள்ளைக் காம்பிராக்கள் பல இடங்களில் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக உருமாறின. சுவரில் படங்கள், சின்னக் கதிரைகள், எடை பார்க்கும் தராசு வந்தன. ஆயாவின் இடத்தில் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தார். பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டில் எடைக்கோட்டோடு, சிரிப்பு, கழுத்து நிற்பது, முதல் சொல் ஆகியவையும் குறிக்கப்படுகின்றன. சில தோட்ட ஆசுபத்திரிகளை அரசு பொறுப்பேற்றது. மற்றவை கம்பனியின் டிஸ்பென்சரிகளாகவே தொடர்ந்தன. அங்கே உள்ள மருத்துவ உதவியாளர் ஓய்வுபெற்றால் அந்த இடம் காலியாகவே கிடப்பதுண்டு. தமிழ் பேசும் குடும்பநல மருத்துவ மாதுக்களின் பற்றாக்குறை நெடுநாள் பிரச்சினை. கர்ப்பிணிக்கு அறிவுரை சைகையில் சொல்லப்பட்டால் இரும்புச்சத்து மாத்திரை தலையணைக்கடியில் தங்கிவிடும்.

பலன்கள் கணக்கில் தெரிகின்றன. லயத்தில் பிரசவம் இன்று அரிது. தடுப்பூசி ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது. போஷாக்கு மட்டும் பிடிகொடுக்கவில்லை. 2006–07 குடித்தொகை, சுகாதார அளவாய்வில் தோட்டத்துறையின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 40 வீதம் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். 2016 அளவாய்வில் அது 32 வீதத்தை ஒட்டி இறங்கியது. நாடளாவிய அளவோ 17 வீதம். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் பங்கும் தோட்டத்தில் கூடுதல். இவை வெறும் உயரக் கணக்கல்ல என்பது சிறுவர் நரம்பியல் கற்றவர்களுக்குத் தெரியும். எடை குறைந்து பிறந்த குழந்தைக்குப் பிரசவ நேர மூச்சுத் திணறலும், முதல் நாட்களில் இரத்தச் சர்க்கரை வீழ்ச்சியும் வரும் வாய்ப்பு அதிகம். இரண்டும் மூளையைக் காயப்படுத்தி, பெருமூளை வாதமாகவோ வலிப்பாகவோ பின்னர் வெளிப்படக் கூடியவை.

இத்தகைய பிள்ளைக்கு வேண்டியது ஒரு தடவை வைத்தியமல்ல, வருடக்கணக்கான தொடர்ச்சி. வலிப்பு மாத்திரையைத் தினமும் தவறாமல் கொடுக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்குக் கை கால் பயிற்சி வாரந்தோறும் வேண்டும். பொகவந்தலாவைப் பக்கத்துத் தாய் நிபுணரைக் காணப் பேராதனைச் சிறுவர் ஆசுபத்திரிக்கோ கொழும்பு லேடி ரிட்ஜ்வேக்கோ போக வேண்டும். லயத்திலிருந்து தார்ச் சாலைக்கு நடை, ஹட்டனுக்கு ஒரு பஸ், பிறகு கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனை. காலை மருத்துவமனைச் சீட்டுக்கு இரவே கிளம்பினால்தான் முடியும். அன்றைய பேர் போகும். தவறிய நாட்கள் கூடினால் மாதக் கொடுப்பனவும் குறையும். மூன்றாவது தடவை போகாமல் நிற்பவர்களை அறியாமைக்காரர் என்பது வைத்தியசாலைப் பக்கத்திலிருந்து சொல்ல எளிதான வார்த்தை.

2017 மே 12இல் இந்திய உதவியுடன் டிக்கோயாவில் கட்டப்பட்ட 150 படுக்கை ஆசுபத்திரியை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்து, நோர்வூட்டில் மலையக மக்களிடம் பேசினார். 1880களின் மாவட்ட வைத்திய ஏற்பாட்டில் பேர்பெற்ற அதே டிக்கோயாவில் இவ்வளவு பெரிய ஆசுபத்திரி வர ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அடுத்த ஆண்டு, தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணம் செலவழிக்கத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு திருத்தப்பட்டது. லயத்துப் பாதைக்கும் கானுக்கும் உள்ளூராட்சிப் பணம் போகலாம் என்றானது அப்போதுதான். ஒரே தோட்டத்துப் பிள்ளையின் தடுப்பூசி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடமும், பகல் பராமரிப்பு நிதியத்திடமும், அவசர மருந்து கம்பனி டிஸ்பென்சரியிடமும் இன்றும் பிரிந்தே கிடக்கின்றன.